மேல் தோட்டத்துத் தண்ணீர்

கொறற்றிக்கு வாய் இல்லை என்றுதான் ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரத் தமிழர்கள் சொல்வார்கள். ஒரு கொண்டாட்டத்துக்குப் போனால் வாசலோரத்துக் கதிரையில் இருப்பாள். சாப்பாடு முடிந்ததும் கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவாள். அவள் வந்தாளா இல்லையா என்று பிறகு சனம் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளும். மன்னாரில் ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவள். ஜெர்மனிக்கு அகதியாக வந்த காலத்திலிருந்து ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் துப்புரவு வேலை. அங்கே மேசை துடைக்கும்போது அவளுக்கு முன்னாலேயே எல்லாரும் எல்லாவற்றையும் பேசுவார்கள். கதிரைக்குக் காது உண்டென்று யார் நினைப்பார்கள்? அப்படிக் கேட்டுக் கேட்டே அவளுக்கு டொய்ச், அந்த ஜெர்மன் மொழி, விளங்கத் தொடங்கியிருந்தது. விளங்கியதைத் திருப்பிப் பேசத்தான் நாக்கு எழும்பாது.

அந்த நாக்குக்குப் பதிலாகக் கிரிஜா இருந்தாள். கொறற்றியைவிடப் பத்து வயது இளையவள், யாழ்ப்பாணத்துப் பிள்ளை. இங்கே பள்ளிக்கூடம் போனவள், பல் வைத்தியரிடம் வரவேற்பில் வேலை. நகரசபையில் ஒரு டெர்மின், முன்பதிவுச் சந்திப்பு என்றாலும், வைத்தியரிடம் என்றாலும், கொறற்றியின் கணவன் கிறிஸ்தோப்பர் ஆலையில் கை நசுங்கிக் கிடந்தபோது காப்புறுதிக்காரரிடம் வாதாட என்றாலும், கிரிஜாதான் பக்கத்தில் நிற்பாள். "அக்கா, நீங்கள் பேசாம இருங்கோ, நான் பாத்துக்கொள்ளுறன்" என்பாள். கொறற்றிக்கு அதைவிட இனிய வார்த்தை உலகத்தில் கிடையாது. விளங்காததால் அவள் கிரிஜாவைக் கூட்டிப் போகவில்லை. கிரிஜா பக்கத்தில் நின்றால் வாய் திறக்கத் தேவையில்லை என்பதால் கூட்டிப் போனாள். இதை அவள் கிரிஜாவுக்குச் சொன்னதில்லை. சொல்ல வேண்டி வரும் என்று நினைத்ததுமில்லை.

தோட்டமும் கிரிஜாவால்தான் கிடைத்தது. பழைய நிலக்கரிச் சுரங்கத்துக்கும் ரயில் பாதைக்கும் இடையில் ஒரு சரிவு நிலம். அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, துண்டுக்கொரு சிறு குடிலோடு, ஒரு தோட்டச் சங்கம் குத்தகைக்கு விட்டிருந்தது. மேல் துண்டை எடுத்திருந்த கிரிஜா, கீழ்த் துண்டு காலியானதும் கொறற்றியின் பெயரைக் கொடுத்துவிட்டாள். அதற்கும் கீழே, சரிவின் அடியில், சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஹெர் வோல்ட்டர்ஸ் என்ற கிழவர் இருந்தார்.

முதல் நாள் அந்தக் கம்பிக் கதவைத் திறந்து உள்ளே போனபோது கொறற்றிக்கு அழுகை வந்தது. மன்னாரிலிருந்து மடு, மடுவிலிருந்து கொழும்பு, பிறகு இந்த நாடு என்று ஓடி ஓடி, இருபது வருடமாக அடுக்குமாடியின் மூன்றாம் தட்டில் வாழ்ந்தவளுக்குக் காலுக்குக் கீழே மண். அங்கே யாரோடும் பேசத் தேவையில்லை. வேலை முடிந்ததும் பஸ் ஏறி நேரே தோட்டத்துக்கு வந்துவிடுவாள். கிறிஸ்தோப்பர்கூடச் சிரிப்பார். "உனக்கு என்னைவிட அந்தத் துண்டு நிலம்தான் மாப்பிள்ளை." அவள் மறுக்க மாட்டாள்.

முதல் வருடம் அவள் செய்த வேலை, நம்முடைய பெண்கள் எவரும் செய்யக்கூடிய வேலைதான். ஊரிலிருந்து வந்த ஈர்க்குமாறால் தோட்டத்தைக் கூட்டினாள். புல் ஒரு இதழ் இல்லாமல் பிடுங்கி, இலை ஒன்று இல்லாமல் அள்ளி, மண்ணை முற்றம் மாதிரி வைத்திருந்தாள். புல் முளைத்த இடத்தில் பாம்பு வரும், சோம்பேறி இருக்கிற வீடு என்று சனம் சொல்லும். கீழே ஹெர் வோல்ட்டர்ஸ் வெட்டின புல்லையும் காய்ந்த இலையையும் பாத்தி முழுக்கப் பரப்பி வைத்திருந்ததைப் பார்த்து, மனைவி இல்லாத மனிசன், கூட்டிப் பெருக்க ஆள் இல்லை என்று இரக்கப்பட்டாள்.

ஆனால் அவள் பார்க்கிற பெண். பூவாளியால் தண்ணீர் விட்டால் அவளுடைய மண் அதைக் குடிக்கவில்லை. மேலே ஒரு மெல்லிய தோல் இறுகி, தண்ணீர் அதன்மேல் முத்து முத்தாக உருண்டு நடைபாதைக்கு ஓடியது. மன்னார் மணலில் ஓலைக் கடகத்தில் ஊற்றின மாதிரி மழை மறைந்துவிடும். இதென்ன மண், வாயை மூடிக்கொண்டு கிடக்கிறதே என்று யோசித்தாள். ஒரு நாள் கிழவர் போன பிறகு வேலிக்கு மேலால் கையை நீட்டி, அவருடைய பாத்தியின் சருகை ஒரு குச்சியால் விலக்கினாள். அடியில் மண் கறுப்பாக, புட்டுக்குக் குழைத்த மா மாதிரி உதிரியாக இருந்தது. புழுக்கள் போன துவாரங்கள், வேர் செத்துப்போன இடத்தில் குழாய்கள். குடிக்கிறதற்கு அத்தனை வாய்கள். மழைத்துளி நேரே மண்ணை அடிக்காமல் சருகு தாங்கிக்கொண்டது. அவளுடைய மண்ணைத் துளிகள் அடித்து அடித்துப் பூசி மெழுகி விட்டிருந்தன. அந்தப் பூச்சுக்கு விளக்குமாறும் துணை.

அன்றோடு அவள் கூட்டுவதை விட்டாள். சருகு போட்டாள். ஈர மண்ணில் கால் வைக்காமல் பலகை போட்டு நடந்தாள். உலகக் கோப்பை நடந்த அந்தக் கொடும் வெயில் வருடத்தில் மற்றத் தோட்டங்கள் பாளம் பாளமாக வெடித்தபோது அவளுடைய பாத்தி மட்டும் உள்ளே ஈரமாக இருந்தது. ஆனாலும் ஒரு மண்வெட்டி ஆழத்துக்குக் கீழே மஞ்சள் களிமண். அது குடிக்கும், மெதுவாகத்தான் குடிக்கும். அவசரப்படுத்தினால் துப்பிவிடும். இதையும் அவள் பார்த்து வைத்திருந்தாள்.

அடுத்த வருடம் வசந்தத்தில் கிரிஜாவின் கணவர் கதிர்காமநாதன் மேல் தோட்டம் முழுவதற்கும் கல் பதிக்க வெளிக்கிட்டார். அவர் வீதிக்குக் கல் பதிக்கிற கூட்டத்தில் வேலை செய்தவர், மிஞ்சின கற்கள் அவருக்குக் கிடைத்தன. மகள் தர்மிகாவின் சாமத்தியவீட்டுக்கு, அவள் பெரியபிள்ளையான சடங்குக்கு, ஹனோவரிலிருந்தெல்லாம் சனம் வரும், மறுநாள் எல்லாரையும் தோட்டத்தில் வைத்து விருந்து கொடுக்க வேண்டும், வந்தவர்களின் சேலையில் சேறு படக் கூடாது. காரணம் நல்ல காரணம்தான். மண்ணை மட்டமாக வெட்டி, வேலையிடத்திலிருந்து ஒரு அதிர்வு இயந்திரம் கொண்டுவந்து தட்டி இறுக்கினார். பிறகு, இடுக்கில் புல் முளைக்கக் கூடாது என்று தடித்த பிளாஸ்ரிக் விரித்தார். அதன் மறு நுனியைப் பிடித்து இழுத்துக் கொடுத்தவள் கொறற்றிதான்.

"அண்ணை, மழை பெய்தால் இந்தத் தண்ணி எங்க போகும்?" என்று கேட்டாள். அவள் அவரிடம் கேட்ட நீளமான கேள்வி அதுதான்.

"ஜெர்மன்காரன்ர தண்ணிக்கு வழி தெரியாமலே இருக்கும், தங்கச்சி? எல்லாத்துக்கும் இங்க சட்டம் இருக்கு."

"களிமண் எல்லோ அண்ணை, கெதியாக் குடியாது."

"எங்கட செம்மண்ணில மழை விட்டு அரை மணித்தியாலத்தில செருப்போட நடக்கலாம். மண் எண்டால் குடிக்கத்தான் இருக்கு. நீங்கள் யோசிச்சு யோசிச்சு மெலியாதேங்கோ."

கிரிஜா அவளுடைய முகத்தைப் பார்த்தாள். "பயப்பிடாதேங்கோ அக்கா. ஓரத்தில ஒரு வாய்க்கால் வெட்டிப் பாதைப் பக்கம் திருப்பி விடுவம். உங்கட பக்கம் ஒரு துளி வர விடமாட்டன்."

வாய்க்கால் வெட்டப்படவில்லை. சாமத்தியவீடு முடிந்தது, விருந்து முடிந்தது, சனம் கல்லின் அழகைப் புகழ்ந்துவிட்டுப் போனது.

கல் பதிப்பதற்குச் சங்கத்தில் ஒரு அளவு உண்டு. நிலம் மூச்சுவிட இடம் விட வேண்டும் என்பது விதி. வருடத்துக்கு ஒரு தடவை சங்கத் தலைவி ஃப்ராவ் தொம்ப்றோவ்ஸ்கி தோட்டம் தோட்டமாகப் பார்த்துக்கொண்டு வருவாள். அதற்கு முதல் நாள் கதிர்காமநாதன் கடையில் இருந்து புல் மாதிரிப் பச்சைக் கம்பளம் வாங்கிவந்து கல்லுக்கு மேலே விரித்தார். கம்பளத்தின் ஓரங்களை மறைக்கக் கொறற்றியின் பூச்சாடிகள் எல்லாம் மேலே ஏறின. அவளே தூக்கிக் கொடுத்தாள். தலைவி வாசலில் நின்று எட்டிப் பார்த்து, பச்சையைக் கண்டு தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

"நல்ல வேளை, அதுக்குத் தண்ணி விடச் சொல்லாமல் போட்டா" என்றார் கதிர்காமநாதன். மூவரும் வயிறு நோகச் சிரித்தார்கள். கொறற்றி சிரிப்புக்கு நடுவில் வாயைக் கையால் மூடிக்கொண்டாள். ஒரு கூட்டத்துக்குள் தானும் இருக்கிற சந்தோசம் அது.

ஓகஸ்டில் ஒரு கிழமையாகத் தூறிக்கொண்டே இருந்தது. தூறலை மண் வாங்கிக்கொண்டது. கொறற்றி விரலைக் குத்திப் பார்த்தாள். முதல் விரற்கடை, இரண்டாவது, பிறகு களிமண் வரைக்கும் நனைந்து ஊறி, பஞ்சு பிழியாமல் கிடப்பது போல் கிடந்தது. இனி ஒரு சொட்டுக்கும் இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து தோட்டத்துக்கு வந்து குடில் வாசலில் இருந்து வெண்டைக்காய் அரிந்துகொண்டிருந்தபோதுதான் அந்த மழை விழுந்தது.

மேற்கே சுரங்கக் கோபுரம் மறைந்தது. பிறகு ரயில் பாதை. பிறகு பக்கத்து வேலி. கொட்டின மழை என்று சொன்னால் போதாது, யாரோ மேலே நின்று அண்டாவைக் கவிழ்த்த மாதிரி. தன்னுடைய பாத்தியில் விழுந்த மழையைக் கொறற்றி பார்த்தாள். சருகு அதைத் தாங்கி, தாங்க முடியாமல் குளமாக நிறுத்தி, மெல்ல மெல்லக் கீழே விட்டது. அதை அந்த மண் சமாளித்திருக்கும். ஆனால் மேலே இருந்து வேறொரு சத்தம் வந்தது. கிரிஜாவின் கல் முழுவதிலும் விழுந்த தண்ணீர், போக இடமில்லாமல், ஒன்று சேர்ந்து, வேலியின் அடியால் ஒரே பாய்ச்சலாக இறங்கியது. கம்பளம் சுருண்டு வேலியில் வந்து மாட்டியது. தண்ணீர் சருகைத் தூக்கியது, பிறகு சருகின் அடியில் இருந்த கறுப்பு மண்ணைத் தூக்கியது, வெண்டியையும் கத்தரியையும் வேரோடு தூக்கியது. மூன்று வருடமாக அவள் சேர்த்த மண் ஒரு கறுத்த ஆறாகச் சரிவில் இறங்கி ஹெர் வோல்ட்டர்ஸின் குடிலுக்குள் போனது. கதவு அடிபட்டுத் திறந்தது. அவள் மண்வெட்டியோடு ஓடி மறித்து நின்றாள். தண்ணீர் அவளுடைய காலைச் சுற்றிக்கொண்டு போனது.

மழை விட்டபோது கிழவரின் குடிலில் முழங்காலளவு சேறு. அவருடைய செத்துப்போன மனைவி தைத்த திரைச்சீலைகள், கட்டில், எல்லாம் சேறு. கொறற்றியின் பாத்தியில் மஞ்சள் களிமண் எலும்பு போலத் தெரிந்தது. மேலே கிரிஜாவின் கல்லோ கழுவித் துடைத்தது போல் மின்னியது. அங்கே எந்தத் தடயமும் இல்லை. சேறு முழுவதும் கொறற்றியின் சேறு.

அன்று பின்னேரம் கதிர்காமநாதன் வந்து கம்பளத்தைச் சுருட்டி எடுத்துப்போனார். மறுநாள் கொறற்றி போனபோது, பூச்சாடிகளோடு கம்பளம் திரும்பவும் விரித்திருந்தது.

சனிக்கிழமை காலை சங்கக் கட்டிடத்தில் கூட்டம். அதற்குப் போகிற வழியில் கிரிஜா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "பேசாம இருங்கோ அக்கா, நான் பாத்துக்கொள்ளுறன்."

"மேலால வந்தது எண்டு மட்டும் சொல்லுங்கோ பிள்ளை. கம்பளத்தைப் பற்றி ஒண்டும் சொல்ல வேண்டாம். ஆருடைய பேரும் வேண்டாம்."

"ஓம், ஓம்."

மேசைக்கு அந்தப் பக்கம் தலைவியும் சங்கத்தார் இருவரும். ஒரு மூலையில் ஹெர் வோல்ட்டர்ஸ் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். கொறற்றி அவரைப் பார்த்தாள், அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். தலைவி கெட்டவள் இல்லை. சேறு யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் காரணம் தெரிய வேண்டும் என்றாள். காரணம் தெரியாவிட்டால் சரிவில் உள்ள எல்லாத் தோட்டத்தையும் திங்கட்கிழமை தோண்டிப் பார்க்க வேண்டி வரும் என்றாள். "அவவிடம் கேளுங்கோ, என்ன நடந்தது?"

கிரிஜா கேட்டாள். கொறற்றி தமிழில் மெல்லச் சொன்னாள். "தண்ணி மேலால வந்தது. நான் மறிச்சுப் பாத்தன், ஏலாமல் போச்சு. அந்த ஐயாட்ட மன்னிப்புக் கேட்டதா சொல்லுங்கோ."

கிரிஜா தலைவியின் பக்கம் திரும்பினாள். அவளுடைய டொய்ச் அழகான டொய்ச், கண்ணாடி மாதிரித் தெளிவானது.

"அவ மன்னிப்புக் கேக்கிறா. அவ கிராமத்தில இருந்து வந்தவ, படிப்பில்லை. ஊர் வழக்கத்தில ஒவ்வொரு நாளும் விளக்குமாறால மண்ணைக் கூட்டி, புல்லெல்லாம் பிடுங்கிப் போடுவா. நான் எத்தினையோ தரம் சொல்லிப் பாத்தன். வெறும் மண் எண்டபடியால் மழை எல்லாத்தையும் இழுத்துக்கொண்டு போட்டுது. தன்னால இனி ஏலாது, தோட்டத்தைத் திருப்பித் தாறன் எண்டு சொல்லுறா. அதால நீங்கள் மற்றத் தோட்டங்களைத் தோண்டத் தேவையில்லை."

கொறற்றி ஒவ்வொரு சொல்லையும் கேட்டாள். விளக்குமாறு உண்மை. முதல் வருடத்து உண்மை. ஒரு பொய்யை ஊன்ற அந்த உண்மை எவ்வளவு உதவியாக இருந்தது. அவளுக்குக் கோபம் முதலில் வரவில்லை. முகம் சுட்டது, வெட்கம்தான் வந்தது, பிடிபட்டவள் தான்தான் என்பது போல. காப்புறுதிக்காரரிடம், நகரசபையில், வைத்தியரிடம், இந்தப் பிள்ளை பக்கத்தில் நின்று சொன்ன சொல்லெல்லாம் மனசுக்குள் வரிசையாக வந்து நின்றன. அவையெல்லாம் உண்மையான உதவிகள். அதில் ஒன்றைக்கூடப் பொய்யாக்க அவளால் முடியவில்லை.

தலைவி பெருமூச்சு விட்டாள். "அப்படியென்றால் சரி. வருத்தம்தான்." பேனாவை எடுத்தாள்.

கிரிஜா கொறற்றியின் முழங்கையைத் தொட்டாள். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது அக்கா. போவம்."

"நைன்" என்று மறுத்தாள் கொறற்றி.

அறையில் யாரோ வேறொரு ஆள் பேசினது போல இருந்தது. கிரிஜாவின் கை அப்படியே நின்றது.

"திருப்பித் தரேல்லை. நான் அப்பிடிச் சொல்லேல்லை." டொய்ச் சொற்கள் ஒவ்வொன்றாக, உடைந்து, வினைச்சொல் எங்கேயோ போய்க் கிடக்க, வெளியே வந்தன. "கூட்டுறது முந்தி. இப்ப இல்லை. தண்ணி மேல. கல்லு. கல்லுக்குக் கீழ பிளாஸ்ரிக். நானும் பிடிச்சனான். கம்பளம், புல்லு இல்லை."

அவ்வளவுதான். ஹெர் வோல்ட்டர்ஸ் தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டு எழுந்தார். "நான் பார்க்கிறேன்" என்றார்.

எல்லாருமாக மேல் தோட்டத்துக்குப் போய்க் கம்பளத்தின் நுனியைத் தூக்கினார்கள். அதற்குப் பிறகு தோண்டத் தேவைப்படவில்லை. தலைவி ஒரு பூவாளித் தண்ணீரைக் கல்லில் ஊற்றிப் பார்த்தாள். அது ஒரு இடத்திலும் நிற்காமல் வேலிக்கடியால் போய்விட்டது. அவள் கொறற்றியிடமும் கடுமையாகச் சொன்னாள், தெரிந்துகொண்டு மறைத்தது பிழை என்று. கொறற்றி தலையாட்டினாள். அது பிழைதான். தோட்டம் அவளிடம் இருக்கும், கிரிஜா வீட்டார் கல்லை எடுக்க வேண்டும், குடிலின் சேதத்தையும் அவர்கள் பார்க்க வேண்டும் என்று முடிந்தது.

வாசலில் கதிர்காமநாதன் நின்றார். "வெள்ளையளுக்கு முன்னால எங்களைக் காட்டிக் குடுத்திட்டியள், என்ன? நல்லாயிருங்கோ."

காட்டிக் குடுத்தது என்கிற இந்தச் சொல் நம்மிடையே எவ்வளவு பாரமானது என்று சொல்லத் தேவையில்லை. அந்தச் சொல்லுக்காக ஊரில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். அது தோட்டத்திலிருந்து தமிழ்க்கடைக்குப் போய், கடையிலிருந்து தமிழ்ப் பூசைக்கு வந்தது. பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கிற இடத்தில் கொறற்றி போய் நின்றால் பேச்சு நின்றுவிடும். கோயில் காரியங்களைப் பார்க்கிற ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை நல்ல மனிசன். அவர் ஒதுக்கிக் கூப்பிட்டுச் சொன்னார். "பிள்ளை, அவள் செய்தது பிழைதான். எண்டாலும் எங்கட சனமெல்லோ. வீட்டுக்கை கதைச்சிருக்கலாம்."

"அவ வீட்டுக்கை கதைக்கேல்லையே அண்ணை" என்றாள் கொறற்றி. அவருக்கு அது விளங்கியதா தெரியவில்லை.

வீட்டில் கிறிஸ்தோப்பர் நசுங்கின விரலைத் தடவிக்கொண்டு இருந்தார். "சும்மா விட்டிருக்கலாம். ஒரு துண்டு நிலம்தானே. அந்தப் பிள்ளை எங்களுக்கு எவ்வளவு செய்தது."

"ஓம்" என்றாள். அதுவும் உண்மைதான்.

ஒக்டோபரில் கதிர்காமநாதன் தனியாகக் கல்லைக் கிளப்பினார். பிளாஸ்ரிக்கை உரித்தபோது அடியில் இருந்த மண் சாம்பல் நிறமாக, பழைய துணி மாதிரி நாறியது. அதில் ஒரு புழு இல்லை. இயந்திரம் தட்டின இறுக்கம் அப்படியே இருந்தது. கல் போன பிறகும் மழை அதில் தேங்கி நின்றது, பிறகு வழக்கமான வழியால் கீழே வந்தது. மூடி வைத்த மண், மூடியைத் தூக்கினவுடன் குடிக்கத் தொடங்காது. கொறற்றி வேலியோரம் ஒரு வாய்க்காலைத் தானே வெட்டிப் பாதைப் பக்கம் திருப்பிவிட்டாள். ஹெர் வோல்ட்டர்ஸ் கீழிருந்து தள்ளுவண்டியில் தன்னுடைய கறுப்பு மண் கொஞ்சம் கொண்டுவந்து, அவளுடைய பாத்தியில் கொட்டிவிட்டுப் போனார்.

அவள் அதைப் பரப்பிக்கொண்டிருந்தபோது மேல் வேலியில் கிரிஜா வந்து நின்றாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"அக்கா" என்றாள் கிரிஜா. "உங்களுக்கு டொய்ச் விளங்கும் எண்டு எனக்கு முதலே சொல்லியிருக்கலாம்."

கொறற்றி நிமிர்ந்தாள். மன்னிப்பு ஒன்றுக்கு அவளுடைய மனம் முன்கூட்டியே இளகி நின்றிருந்தது. அது வந்தால் என்ன சொல்வது என்றுகூட நினைத்து வைத்திருந்தாள். இதற்குப் பதில் மெதுவாகத்தான் வந்தது.

"எனக்கு விளங்காட்டில் அப்பிடிச் சொல்லலாமோ, பிள்ளை?"

பேச்சுக்குப் பஞ்சமில்லாத கிரிஜா, எந்த அதிகாரியின் முன்னாலும் தடுமாறாதவள், வேலிக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். பிறகு திரும்பி, கல் கிளப்பின சேற்றில் கால் வழுக்காமல் பார்த்துப் பார்த்து நடந்து, குடிலுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

கொறற்றி குனிந்து வேலையைத் தொடர்ந்தாள். அடுத்த கிழமை நகரசபையில் ஒரு டெர்மின் இருந்தது. யாரைக் கூட்டிப் போவது என்று யோசித்தாள். ஒருவர் பெயரும் வரவில்லை. சொல்ல வேண்டியதை டொய்ச்சில் மெதுவாக, சத்தம் வராமல், மண்ணைப் பார்த்துச் சொல்லிப் பார்க்கத் தொடங்கினாள்.